கலியாண எழுத்து

1

போன கிழமை மகள் பிராங்பேர்ட்டிலிருந்து போன் எடுத்து எங்களுக்குக் கலியாண நாள் வாழ்த்துச் சொன்னாள். ஒரு வருசம் நிறைந்துவிட்டதாம். முதலாவது வருசம் என்றபடியால் சும்மா விடக்கூடாது, இரண்டு பேரும் எங்காவது வெளியில் போய்ச் சாப்பிடுங்கோ என்றாள். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. என் மனைவி மலர் ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கிறாள். நான் நன்றி சொல்லிவிட்டுப் போனை மலரிடம் நீட்டினேன். கை ஈரம் என்று அவள் சைகை காட்டினாள். கை ஈரமாக இருக்கவில்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், இந்த மனிதன் அங்கே போய் இரண்டாந்தாரம் கட்டிவிட்டானோ என்று நினைக்கக்கூடும். அப்படியில்லை. நான் கட்டியது மலரை மட்டுந்தான். ஆனால் இரண்டு தரம் கட்டினேன். முதல் தரம் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில். இரண்டாம் தரம் டோர்ட்மண்ட் நகரத்தின் பதிவுக் கந்தோரில். நடுவில் இருபது வருசத்துக்கு மேல் போய்விட்டது. மகள் வாழ்த்துகிறது இரண்டாவது கலியாணத்தை. முதலாவதன் தேதி அவளுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லியும் வைக்கவில்லை.

2

எங்கள் பக்கத்தில் கலியாணத்தைப் பதிவதை ‘எழுத்து’ என்பார்கள். பதிவுகாரர் பெரிய புத்தகத்தைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்து வைப்பார்கள், பலகாரம் சாப்பிட்டுவிட்டு அவர் போய்விடுவார். தாலி கட்டுவதுதான் கலியாணம். எழுத்து அதன் பக்கத்தில் நடக்கிற ஒரு சின்னக் காரியம். அப்படித்தான் நாங்கள் நினைத்திருந்தோம்.

எங்கள் கலியாணத்தன்று பதிவுகாரர் வரவில்லை. விடியப்புறம் சந்தியில் ஏதோ வெடித்து, ரோட்டெல்லாம் ஆமி இறங்கி நின்றது. ஐயர் மட்டும் எப்படியோ ஒழுங்கைகளால் புகுந்து வந்து சேர்ந்தார். வந்திருந்த கொஞ்சப் பேரை வைத்துக்கொண்டு தாலி கட்டினேன். எழுத்தைப் பிறகு பார்ப்போம் என்று மலரின் தகப்பன், என் மாமா, சொன்னார். அந்தப் பிறகு வரவேயில்லை.

நான் முதலில் ஜேர்மனிக்கு வந்தேன். மலர் பின்னால் வந்து சேர ஒரு வருசத்துக்கு மேல் ஆனது. அகதி விண்ணப்பத்தை எழுதிய அதிகாரி அவளிடம் கலியாணப் பத்திரம் கேட்டார். இல்லை என்றதும் அவளுடைய கடதாசியில் ‘லெடிக்’ என்று எழுதினார். டொச் மொழியில் அதற்குக் கலியாணம் கட்டாத ஆள் என்று அர்த்தம். என்னுடைய கடதாசியிலும் அதே சொல்தான் இருந்தது. முகாமில் இருந்த பழைய ஆட்கள், இப்போது வாய் காட்டாதேங்கோ, விசா கிடைத்தபின் திருத்தலாம் என்றார்கள். விசா கிடைத்தது, வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது. அந்தச் சொல்லைத் திருத்துவதற்கு யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

மகள் சிந்துஜா டோர்ட்மண்டில் பிறந்தபோது, இந்தப் பிள்ளை என்னுடையதுதான் என்று நான் தனியாக ஒரு கந்தோரில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. அவளுக்குக் குடும்பப் பெயராக மலரின் தகப்பன் பெயர் விழுந்தது. எங்கள் வாசல் மணியில், எங்கள் இரண்டு பேரின் தகப்பன்மாரின் பெயராக, முருகேசு என்றும் கந்தையா என்றும் இரண்டு பெயர் இருக்கும். கீழ்வீட்டில் இருந்த ஜேர்மன் கிழவி, நாங்கள் கலியாணம் கட்டாமல் சேர்ந்து வாழுகிற நவீனமான சோடி என்று நினைத்துக்கொண்டு எங்களை மெச்சுவாள். நாங்களும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

3

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, குளிர் விடுகிற நேரம், வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். வாகன உதிரிப்பாகங்கள் அடுக்குகிற களஞ்சியம் ஒன்றில் எனக்கு வேலை. கண் முழித்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நெஞ்சுக் குழாய்களில் ஒன்று அடைத்துவிட்டதாம்.

நான் மயங்கிக் கிடந்தபோது நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். மலர் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். யாரோ அறிவித்து, வேலை உடுப்போடு ஓடி வந்திருக்கிறாள். வரவேற்பில் இருந்த பெண் கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, இவர் மணமாகாதவர் என்றல்லவா இருக்கிறது, நீங்கள் யார் என்று கேட்டிருக்கிறாள். மலருக்கு வேலைக்குத் தேவையான டொச் தெரியும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுகிற டொச் தெரியாது. நான் இவருடைய மனுசி, இவருடைய மனுசி என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் கடுமையாக ஒன்றும் பேசவில்லை. இருக்க வைத்துக் கோப்பி கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டு, சிந்துஜாவின் இலக்கத்தை வாங்கி அவளை அழைத்தார்கள்.

சிந்துஜா அப்போது பிராங்பேர்ட்டில் ஒரு வங்கியில் தொழில் பழகிக்கொண்டிருந்தாள். ரயில் ஏறி அவள் வந்து சேர்ந்த பிறகுதான் டொக்டர் வாய் திறந்தார். பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருசம்கூட ஆகாத பிள்ளையிடம் என் நெஞ்சைப் பற்றி விளக்கி, அவளிடமே கையெழுத்தும் வாங்கினார். மலர் பக்கத்தில் நின்று, மகளின் முகத்தைப் பார்த்துத்தான் நான் பிழைப்பேனா மாட்டேனா என்று அறிந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதைச் சரிப்படுத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்கு ஒன்று நடந்தால், சட்டப்படி மலர் எனக்கு ஒருத்தியுமில்லை. நான் இத்தனை வருசம் வேலை செய்த பென்சனில் அவளுக்கு ஒரு பங்கும் வராது. இந்த நாட்டில் ஒரு பெண் தனியாக நிற்கிறது எப்படியென்று எங்கள் சனத்துக்குள்ளேயே கண்டிருக்கிறேன்.

4

பதிவுக் கந்தோரில் எங்களைப் பார்த்தவருக்கு லிண்டனர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். என் வயதுப் பெண்மணி. சொல்லவேண்டியதை ஆறுதலாக, இரண்டு தரம் சொல்லுவார். இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, ஊரில் நடந்த கலியாணத்தை நிரூபிப்பது. மற்றது, இங்கே புதிதாகக் கட்டுவது.

நிரூபிக்கலாம் என்று நான் நினைத்தேன். ஆனால் கோயில் அப்போது ஆமியின் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. யாரும் கால் வைக்க ஏலாது. ஐயர் கனடாவில் காலமாகிவிட்டார். மாமாவும் இல்லை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். லிண்டனர் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். சேலை என்ன நிறம் என்று கேட்டார். சிவப்பு என்று மலர் டொச்சில் சொன்னாள். மிக அழகாக இருக்கிறது, ஆனால் இது பத்திரம் இல்லையே என்று சொல்லிப் படத்தைத் திருப்பித் தந்தார்.

அப்போதுதான் எனக்குச் சீதன உறுதியின் ஞாபகம் வந்தது. கலியாணத்துக்கு முதல் மாமா மலரின் பெயருக்குக் கொஞ்சக் காணி எழுதிக் கொடுத்திருந்தார். நொத்தாரிசு முன்னால் எழுதிய முறையான பத்திரம். அதில் மாப்பிள்ளையாக என்னுடைய பெயரும் இருக்கிறது. காணி கம்பிவேலிக்குள் போனாலும், பதிவுப் பிரதி யாழ்ப்பாணத்துக் காணிக் கந்தோரில் இருக்குமே. மலரின் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு எழுதினேன். அந்த நேரம் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை பூட்டிவிட்டார்கள். பிரதி எடுத்து, கொழும்புக்கு விமானத்தில் போன ஒருவரின் கையில் கொடுத்து, அது எங்களிடம் வந்து சேர்ந்தபோது இங்கே அடுத்த குளிர் பிடித்துவிட்டது.

டொச்சில் மொழிபெயர்த்து, முத்திரை குத்திக் கொண்டுபோய்க் கொடுத்தோம். லிண்டனர் ஒரு வரியும் விடாமல் வாசித்தார். பிறகு பேனாவால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். மலருக்கும் எனக்கும் நடக்க இருக்கும் விவாகத்தை முன்னிட்டு என்று அதில் இருந்தது. நடக்க இருக்கும் என்றுதான் இருக்கிறது, நடந்தது என்று எங்கேயும் இல்லையே என்றார். அதைச் சொல்ல அவருக்கும் விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

யாரும் போக ஏலாத ஒரு துண்டுக் காணிக்கு மலர்தான் சொந்தக்காரி என்று எங்களால் நிரூபிக்க முடிந்தது. அவள் என்னுடைய மனைவி என்று நிரூபிக்க முடியவில்லை.

5

இரண்டாவது வழிக்கு ஊரிலிருந்து வேறு சில பத்திரங்கள் எடுக்க வேண்டியிருந்தது. அவற்றோடு, இரண்டு பேரும் சத்தியம் செய்து ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்குப் பிள்ளைகளோ சொந்தக்காரரோ மொழிபெயர்க்கக்கூடாது என்றபடியால், பக்கத்து எசன் நகரத்திலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்திருந்தார்கள். வயதான, மரியாதையான மனிதர். எழுத்துத் தமிழில்தான் கதைப்பார்.

எனக்குரியதை அவர் வாசித்தார், நான் கையெழுத்து வைத்தேன். உண்மையைச் சொன்னால் என்ன எழுதியிருக்கிறதென்று நான் சரியாகக் கவனிக்கவில்லை. எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மலருக்கு வாசித்தார்.

“நான் இதற்கு முன்னர் எந்த நாட்டிலும் எவரையும் திருமணம் செய்துகொள்ளவில்லை என்று சத்தியமாக உறுதிப்படுத்துகிறேன்.”

மலர் பேனாவை எடுக்கவில்லை.

“இதை நான் சொல்ல ஏலாது,” என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் லிண்டனரிடம் சொன்னார். ஏன் என்று லிண்டனர் கேட்டார். மலர் என்னைப் பார்க்கவில்லை. அந்த மனிதரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“ஐயா, இவவிட்டைச் சொல்லுங்கோ. எனக்கு ஊரிலை ஒரு பொடியன் பிறந்து செத்தவன். நான் கலியாணம் கட்டேல்லையெண்டு கையெழுத்து வைச்சா, அவன் ஆர்ற்றை பிள்ளை?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிறகுதான் மெதுவாக டொச்சில் சொன்னார்.

எங்கள் மூத்த பிள்ளையைப் பற்றி நான் இதுவரை எழுதவில்லை. ரமணன் என்று பெயர் வைத்திருந்தோம். வீட்டிலேயே பிறந்தவன். பிறப்பைப் பதியப் போக வேண்டும் போக வேண்டும் என்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தோம். ரோட்டில் இறங்கவே பயமான காலம். ஒரு வயது நிறையுமுன் காய்ச்சல் வந்தது. ஊரடங்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைத்தபோது தேவையில்லாமல் போய்விட்டது. பிறந்ததும் எங்கும் பதிவில்லை, செத்ததும் பதிவில்லை. அடுத்த வருசம் நான் ஊரை விட்டு வெளிக்கிட்டேன். அவனைப் பற்றி நானும் மலரும் கதைப்பதில்லை. கதைக்காமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லிண்டனர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பதிவுக்கு மட்டுந்தான் இந்த வசனம், உங்கள் பிள்ளையை இது ஒன்றும் செய்யாது என்றார். ஊரில் ஒரு சமயச் சடங்கு நடந்தது, அதற்குப் பதிவு இல்லை என்று கோப்பில் தானே ஒரு குறிப்பு எழுதி வைப்பதாகவும் சொன்னார். அவரால் அதற்குமேல் செய்ய ஏலாது. அதற்குள் மலர் எழுந்து கைப்பையைத் தோளில் போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து நான் விடாமல் கதைத்தேன். இது வெறும் கடதாசி, நீர் ஏன் இதைப் பெரிசாக எடுக்கிறீர் என்றேன். எனக்கு ஒன்று நடந்தால் உம்முடைய நிலைமை என்ன என்றேன். உங்களுக்கு ஒன்றும் நடக்காது என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்த்தாள். நான் நாளுக்கு ஒரு தரமாவது அந்தக் கதையை எடுப்பேன். அவள் ஒவ்வொரு தரமும் அதையே சொல்லுவாள். சில நாளில் நான் சத்தமாகவும் கதைத்திருக்கிறேன்.

6

அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை சிந்துஜா வந்தாள். தானும் டானியலும் பிராங்பேர்ட்டில் சேர்ந்து ஒரு வீடு எடுத்துவிட்டதாகச் சொன்னாள். டானியல் அவளோடு வங்கியில் தொழில் பழகியவன். இரண்டு மூன்று தரம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். நல்ல பிள்ளை, இடியப்பத்தைக் கையால் சாப்பிடப் பழகியிருந்தான். ஜேர்மன் பொடியன் என்பதை நான் ஏற்கெனவே விழுங்கிவிட்டேன். கலியாணம் கட்டாமல் ஒரு வீட்டில் இருப்பதை விழுங்க முடியவில்லை. முதலில் கட்டுங்கோ, பிறகு வீடு எடுங்கோ என்றேன்.

தாங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை, கட்டுவதைப் பற்றி இப்போது யோசிக்கவே இல்லை என்றாள். நான் சனம் என்ன சொல்லும் என்று தொடங்கினேன். அவள் குரலை உயர்த்தவில்லை. ஒரு கணக்கை எனக்கு விளங்கப்படுத்துகிற மாதிரிச் சொன்னாள்.

“அப்பா, உங்களுக்கும் அம்மாவுக்கும் இஞ்ச ஒரு பேப்பரும் இல்லை. நீங்களும் லெடிக், அம்மாவும் லெடிக். இருபது வருசமா அப்பிடித்தானே இருக்கிறீங்கள். நான் இருந்தா மட்டும் ஏன் பிழை?”

மலர் பக்கத்தில் நின்று உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தாள். மினுக்கியை நிமிர்த்தி வைத்து, வயரைக் கழற்றி, பாதி மினுக்கிய என் சேர்ட்டை மடித்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

சிந்துஜா அம்மாவை நோகடிக்கச் சொல்லவில்லை. தனக்கு ஒரு அண்ணன் பிறந்து இறந்தான் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. அவனுடைய பெயர் அவளுடைய காதில் எத்தனை தரம் விழுந்திருக்கும்? நாங்கள் சொல்லி வளர்த்திருந்தால் அந்தச் சொல்லை அவள் அப்படி எடுத்து மேசையில் வைத்திருக்கமாட்டாள் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த கிழமை மலர் தானாகவே வந்து சொன்னாள்.

“அந்த மனிசியிட்டை நேரம் எடுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்.”

என்ன திடீரென்று என்று கேட்டேன்.

“நாங்கள் ஒழுங்காச் செய்து காட்டினாத்தான் அவளும் செய்வாள். வாயாலை சொல்லி வேலையில்லை.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளுடைய மனம் மாறுமுன் போய்விட வேண்டும் என்று அன்றைக்கே போன் எடுத்து நாள் கேட்டேன். எதை விட்டுக்கொடுத்துவிட்டு அவள் அப்படிச் சொல்கிறாள் என்று நின்று யோசிக்கவில்லை.

7

அதே மொழிபெயர்ப்பாளர்தான் வந்திருந்தார். அதே வசனத்தை வாசித்தார். மலர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு, “இது இஞ்சத்தைப் பதிவுக்கு மட்டுந்தானே, ஐயா?” என்று கேட்டாள். அவர் லிண்டனரிடம் கேட்டார். ஆம், இங்கத்தைப் பதிவுக்கு மட்டுந்தான் என்றார் லிண்டனர். மலர் தமிழில் கையெழுத்து வைத்தாள்.

பத்திரங்களெல்லாம் மேல்நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி வர, இலை உதிர்கிற காலம் வந்துவிட்டது. கலியாணம் ஒரு வெள்ளிக்கிழமை. நான் கோட் போட்டேன். மலர் ஒரு சாதாரண சேலை உடுத்தாள். கூறைச்சேலை இருக்கிறதே என்றதற்கு, அது இதுக்கில்லை என்றுவிட்டாள். சிந்துஜாவும் டானியலும் சாட்சிகள். இரண்டு பேரும் பூங்கொத்தோடும் மோதிரங்களோடும் முதல்நாளே வந்து இறங்கியிருந்தார்கள். சிந்துஜாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். சின்ன வயதில் அவளைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது பார்த்த முகம்.

லிண்டனர் நல்லதாக ஒரு சின்னப் பேச்சு வைத்திருந்தார். இன்றிலிருந்து நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பாதையில் நடக்கத் தொடங்குகிறீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னபோது மலர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்மதமா என்று கேட்டார்கள். நான் யா என்றேன். அவளும் யா என்றாள். இனி முத்தம் கொடுக்கலாம் என்று லிண்டனர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்கவில்லை. கடைசியில் நீல அட்டை போட்ட ஒரு குடும்பப் புத்தகத்தைத் தந்தார்கள். கலியாணத்துக்கு ஒரு தாள், பிள்ளைகளுக்குத் தனித்தனித் தாள். சிந்துஜாவின் பிறப்பை ஒரு தாளில் பதிந்து கோத்திருந்தார்கள். மிச்சம் வெறுந்தாள்.

வெளியில் வந்தபோது சிந்துஜாவின் சிநேகிதிகள் எங்கள் மேல் அரிசி எறிந்தார்கள். அது இந்த நாட்டு வழக்கம். மலர் திடுக்கிட்டு, தலையில் விழுந்த அரிசியைத் தொட்டுப் பார்த்தாள். “இவையளும் அரிசி போடுகினம்,” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தரந்தான்.

வீட்டில் சாப்பிட்டு முடிந்து, டானியல் படங்களை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தான். குசினிக்குள் தாயும் மகளும் கோப்பை கழுவினார்கள். கதவு திறந்திருந்தது.

“அப்ப நீங்கள் ரெண்டு பேரும் எப்ப?” என்று மலர் கேட்டது காதில் விழுந்தது.

“எப்ப என்ன?”

“எழுத்து. நாங்கள் செய்திட்டம். இனி நீங்கள்தானே.”

சிந்துஜாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“அம்மா, நீங்கள் உங்களுக்காகச் செய்தனீங்கள் எண்டுதானே நான் நினைச்சன். ஆசைப்பட்டுச் செய்தனீங்கள் எண்டு.”

“நான் எனக்காகச் செய்யேல்லை, பிள்ளை.”

டானியல் படம் காட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் விளங்காது. என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

அவர்கள் இன்னமும் கட்டவில்லை. கட்டுவார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு சிந்துஜாவின் போன்கள் குறுகிவிட்டன. அம்மாவுக்குத் தான் ஏதோ கடன்பட்டுவிட்டதாக அவள் நினைக்கிறாள் போலிருக்கிறது. அது என்னவென்று அவளுக்கும் விளங்கவில்லை, எங்களுக்கும் விளங்கப்படுத்தத் தெரியவில்லை. வாழ்த்துச் சொன்னதும் அதனால்தான் இருக்கும். பாவம், அவளுக்குத் தெரிந்த தேதி அது ஒன்றுதான்.

8

வாழ்த்து வந்து இரண்டு நாளைக்குப் பிறகு நான் வேலையால் வந்தபோது மலர் வீட்டில் இல்லை. பின்னேரம் போல வந்தாள். நல்ல உடுப்பு உடுத்தி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். எங்கே போய்விட்டு வருகிறீர் என்று கேட்டேன். லிண்டனரிடம் என்றாள்.

இந்த நாட்டில் எந்தக் கந்தோருக்கும் மலர் தனியாகப் போனதில்லை. நான் இருப்பேன், அல்லது சிந்துஜா இருப்பாள். அவள் கைப்பைக்குள்ளிருந்து நீல அட்டைப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

“இதுக்குள்ளை தாள் மிச்சம் கிடக்கெல்லே. ரமணனை ஒண்டிலை பதியலாமோ எண்டு கேட்டுப் பாத்தன். பிறப்புப் பத்திரம் வேணுமாம். இல்லாமல் ஏலாதாம்.”

டொச்சில் எப்படிக் கேட்டீர் என்றேன். வேலை செய்கிற பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவரிடம் கேட்டு, இரண்டு வசனம் பாடமாக்கிக்கொண்டு போனாளாம். மகளிடம் கேட்டிருக்கலாமே என்றதற்கு, அவளுக்கு ஏன் கரைச்சல் என்றாள். என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

“அந்த மனிசி அவன்ரை பேரைக் கேட்டா,” என்றாள். “எழுத்துக் கூட்டிச் சொன்னன். ஏலாது எண்டு சொல்லேக்கையும் ரமணன் எண்டு பேரைச் சொல்லித்தான் சொன்னா. வேறை ஒரு ஆள் அவன்ரை பேரைச் சொல்லி எவ்வளவு காலம்.”

அதைச் சொல்லிவிட்டு அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து உலை வைத்தாள்.

அந்தக் கந்தோரின் படிகளில் நான் எத்தனை தரம் ஏறி இறங்கியிருப்பேன்? என் நெஞ்சுக்காக ஏறினேன், பென்சனுக்காக ஏறினேன், காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். எதைக் கேட்டாலும் லிண்டனர் பொறுமையாகப் பதில் சொல்லியிருப்பார். இந்த ஒன்றைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஏலாது என்ற பதில்தான் வந்திருக்கும். ஆனாலும் அதைக் கேட்கத் தனியாக அவ்வளவு தூரம் அவள் போயிருக்க வேண்டியதில்லை.

குசினி வாசலில் போய் நின்றேன். அவன் இருந்திருந்தால் இப்போது எத்தனை வயது வந்திருக்கும் என்று கேட்டேன். கேட்டுவிட்டு நானே மனதுக்குள் வருசங்களைக் கூட்டத் தொடங்கினேன்.

மலர் அரிசி களைந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், உடனே அவனுடைய வயதைச் சொன்னாள்.